புத்தகத்து ஆட்களுக்கும் சேர்த்து

சித்தி ஜெபம் பண்ண வாயைத் திறந்தால் நாங்கள் முதலில் செய்வது, முழங்காலுக்கு அடியில் சேலையை நன்றாக மடித்து வைத்துக்கொள்வதுதான். சீக்கிரம் எழுந்திருக்க முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். தோட்டத்து முதலாளியில் தொடங்குவாள். மழை, ஏலக்காய் விலை, கால் வீங்கிக் கிடக்கும் கங்காணி, பேறுகாலம் நெருங்கியவள் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்குவாள். அதுவரை யாருக்கும் குறையில்லை. அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நாங்கள் கண்ணால் பார்த்திராத ஒரு விதவைக்காகவும், கப்பலில் எடுபிடி வேலை பார்க்கும் ஓர் அநாதைப் பையனுக்காகவும் மன்றாடத் தொடங்குவாள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த விதவையும் அந்தப் பையனும் எங்கள் தோட்டத்தில் இல்லை. எந்தத் தோட்டத்திலும் இல்லை. அவள் அந்த வாரம் வாசித்த கதைப்புத்தகத்தில் இருந்தார்கள்.

இது நடந்தது எழுபதுகளின் நடுவில், கேரளத்துச் சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்த வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம் பேர் அங்கே இருந்தோம். எனக்கு அவள் ரத்த உறவு ஒன்றும் கிடையாது. லயத்தில் எல்லாருக்கும் அவள் கோயில் சித்தி. தகரக் கூரை போட்ட எங்கள் சின்னக் கோயிலைப் பெருக்குவது, மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டைத் தட்டுவது, சனிக்கிழமைதோறும் பெண்கள் கூட்டம் நடத்துவது எல்லாம் அவள்தான். யாரும் அவளிடம் இந்தப் பொறுப்புகளைக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவள் வீட்டு ஆட்கள், எங்கள் அம்மாவைப் பைத்தியக்காரி ஆக்கிவிட்டாய் என்று சண்டைக்கு வருவார்கள்.

எங்கள் கோயில்களில் வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் வசனச் சீட்டுகளைப் பரப்பி நீட்டுவார்கள். கையில் எந்த வசனம் வருகிறதோ அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குத் தரும் வாக்குத்தத்தம். அந்த வருஷம் தட்டு போன பிறகு சித்தி ஓர் அலுமினிய டம்ளரோடு வந்து நின்றாள். உள்ளே பன்னிரண்டு சீட்டுகள். ஊரோடு போன பழைய உபதேசியார் ஒருவர் தூக்க முடியாமல் ஒரு தகரப் பெட்டி நிறைய கிறிஸ்தவக் கதைப்புத்தகங்களை விட்டுப் போயிருந்தார். அதை ஒரு வருஷத்துக்குள் பெண்கள் எல்லாரும் வாசித்துவிட வேண்டுமாம். மாதத்துக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் ‘குடியை விட்டவர்கள்’ என்று இருந்தால் அந்த மாதம் முழுக்கக் குடியை விட்டவர்கள் கதை. ‘கப்பல் கவிழ்ந்து பிழைத்தவர்கள்’ என்றால் கப்பல். மாதக் கடைசிக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். எழுத்து தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் வாசித்துக் காட்ட வேண்டும். நான் எட்டாம் வகுப்பு வரை படித்த பாவத்துக்கு ஆறேழு வீட்டுக்கு வாசிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. பகலெல்லாம் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏலக்காட்டில் குனிந்துவிட்டு வந்து, பொழுது சாய்ந்த பிறகு மண்ணெண்ணெய் விளக்கில் கப்பல் கவிழ்ப்பதென்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

அதுவும் அந்த வருஷம் எனக்கு எதற்குமே மனசில்லை. என் வீட்டுக்காரர் கிறிஸ்துமஸுக்கு முன்னால், சட்டைத்துணி எடுத்து வருகிறேன் என்று போடிக்குப் பஸ் ஏறியவர் திரும்பி வரவில்லை. எந்தத் தகவலும் இல்லை. திருப்பூரில் பார்த்ததாக ஒரு லாரிக்காரர் சொன்னார், கூட யாரோ இருந்ததாகவும் சொன்னார். நானும் மாமியாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. வெளியே கேட்டவர்களிடம், ஊரில் விழுந்து கால் முறிந்துவிட்டது, எண்ணெய்க்கட்டு போட்டிருக்கிறது என்று சொல்லிவைத்தோம். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று ஆகிவிட்டது.

வெட்கம் மட்டும் என்றால் தாங்கிக்கொண்டிருப்பேன். லயத்து வீடு அவர் பெயரில் இருந்தது. அவர் நிரந்தரத் தொழிலாளி, நான் சீசனுக்கு எடுக்கும் தற்காலிக ஆள். வருஷம் முடிகிறபோதும் அவர் வேலைக்கு வராவிட்டால் ஆபீஸில் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் வீடும் போகும். அவருடைய வேலையை என் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்தான். அதற்கு, என் புருஷன் என்னை விட்டுப் போய்விட்டான் என்று நான் என் வாயால் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் மாமியார் காதுபட. மகன் வருவான் என்று தினமும் அவருக்கும் சேர்த்து உலை வைக்கிறவளிடம் போய் எந்த வாயால் அதைச் சொல்வது?

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் சித்தி டம்ளரைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது மாதச் சீட்டு ‘படுக்கையில் கிடந்தவர்கள்’. அப்போதுதான் எங்கள் வட்டாரத்துக்குப் புதிதாக ஓர் ஐயர் வந்திருந்தார். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். மாதத்துக்கு ஒரு தடவை வந்து ராப்போஜனம் என்கிற திருவிருந்தைக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் இருக்கிற கூட்டத்தில் சித்தி, சின்ன வயதிலிருந்து எழுந்து நடக்க முடியாமல் கிடக்கும் ஒரு பெண்பிள்ளைக்காகக் கண்ணீர் விட்டு ஜெபித்தாள். ஜன்னல் வழியாகத் தெரியும் ஒரு மரக்கிளைதான் அவளுக்கு உலகம் என்றாள். இளவயது ஐயர், மனசு இளகிவிட்டது. ஆராதனை முடிந்ததும் அப்பமும் திராட்சை ரசமும் வைத்த சின்னப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் போவேன், எந்த லயம் என்று கேட்டார். யாராவது சொல்லியிருக்கலாம். எல்லாரும் சித்தி முகத்தைப் பார்த்தோம். அவளோ, ஐயர் தன் வீட்டுக்குத்தான் சாப்பிட வருகிறார் என்று நினைத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள். காலம் தப்பிப் பெய்த மழையில், அட்டை கடிக்கக் கடிக்க, மூன்று லயம் தாண்டி மேட்டில் இருக்கும் அவள் வீடு வரை ஐயர் ஏறிப்போனார். வாசலில் நின்று, பிள்ளை எங்கே என்று கேட்டபோது சித்தி உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். ஐயர் காலில் இருந்த அட்டைகளைப் பிடுங்கிப் போட ஆரம்பித்தார். நாங்கள் சிரிக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தோம். சித்திக்கு மட்டும் இதில் என்ன தப்பு என்று கடைசிவரை விளங்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்துகிறவர். சாதுவான மனுஷன். ஒருநாள் மத்தியானம் சாப்பிடப் போனால் அடுப்பு மூட்டவே இல்லையாம், இவள் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாளாம். ஊரில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறி விசாரித்தால், செத்தது ஒரு கப்பல் மாலுமி. “நான் செத்தா இதுல பாதி அழுவாளான்னு தெரியல” என்று என் மாமியாரிடம் வந்து சொல்லிவிட்டுப் பழைய சோறு வாங்கிச் சாப்பிட்டுப் போனார்.

அநாதைப் பிள்ளைகள் மாதத்தில் இன்னொரு கூத்து. எங்கள் பெண்கள் உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். பிடியரிசிக் காணிக்கை என்று பெயர். இல்லாதவர்களுக்குப் போகிற அரிசி. அந்த மாதம் சித்தி அதைக் கதையில் வரும் அநாதைகளின் பெயரில் வசூலித்தாள். பெண்களும் வழக்கத்தை விடக் கூடவே கொடுத்தார்கள். புத்தகத்துக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு இந்த அரிசியை எப்படி அனுப்பப் போகிறீர்கள் என்று நான் கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். “அதுக வந்தா அதுகளுக்குக் குடுப்பேன். இப்பம் இதுக வந்து நிக்கிதுக” என்று லயத்துப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றினாள். இப்படிப்பட்டவளோடு எங்கே போய் முட்டிக்கொள்வது?

எட்டாம் மாதம் வந்தது. காய் எடுப்பு தொடங்கியிருந்தது. சித்தி டம்ளருக்குள் கையை விட்டு ‘காத்திருப்பவர்கள்’ என்ற சீட்டை எடுத்தாள். மாதக் கடைசிக் கூட்டத்தில் மற்றவர்கள் சொல்லி முடித்த பிறகு தானும் ஒரு கதை சொன்னாள். எங்கேயோ வெள்ளைக்கார தேசத்தில் ஒரு கரிச்சுரங்கம். சுரங்கக் கம்பெனி வீட்டில் ஒரு பெண்ணும் மாமியாரும். புருஷன் போய்விட்டான். வீடு புருஷன் பெயரில். கால் முறிந்து கிடக்கிறான் என்று இரண்டு பேரும் ஊரை நம்பவைத்துக்கொண்டிருக்கிறார்கள். கதை முடிந்ததும் எல்லாரும் முழங்காலில் நின்றோம். அந்தக் கரிச்சுரங்கக்காரிக்காக அவள் உருகி உருகி ஜெபித்தாள். நான் தலையை நிமிர்த்தவே இல்லை. அப்படியே தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. பக்கத்தில் மாமியார் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது.

பெட்டியில் இருந்த புத்தகம் எல்லாவற்றையும் உரக்க வாசித்தவள் நான். அதில் கரிச்சுரங்கமே கிடையாது.

அடுத்த ஞாயிறு கரிச்சுரங்கக்காரிக்குப் பிடியரிசி எடுத்தார்கள். அந்த வாரம் எங்கள் வீட்டுப் பானையில் சோறு நிறைய இருந்தது. ரேஷனில் கொஞ்சம் கூடக் கிடைத்தது என்றாள் மாமியார், என் முகத்தைப் பார்க்காமல். ரேஷன் கடைக்கு இன்னும் அரிசியே வந்திருக்கவில்லை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. சாப்பிடாமல் எழுந்து நேரே சித்தி வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்க வீட்டு விஷயத்த எதுக்குக் கோயில்ல கொண்டு வந்திய?” என்றேன்.

“யாரு கொண்டு வந்தா? கதையில உள்ளவளைல்லா சொன்னேன்.”

“அப்படி ஒரு புஸ்தகம் அந்தப் பெட்டியில இல்ல. பூராத்தையும் நாந்தான் வாசிச்சேன்.”

“அப்பம் நீ வாசிக்காத ஒண்ணும் இருந்திருக்கும்.”

நான் கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று நினைவில்லை, நன்றாகச் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஏட்டி, உனக்கு ஜெபிக்கணும்னா உன் பேரச் சொல்லணும். உன் பேரச் சொன்னா நீ கோயில் பக்கமே வரமாட்ட. நான் என்ன செய்ய, சொல்லு?”

அதே ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்து, அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டேன். பசித்தது.

அத்தோடு விட்டிருந்தால் சரி. மாதம் மாறியது, சீட்டு மாறியது, கரிச்சுரங்கக்காரி மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் பெண்களே கேட்டார்கள், அவள் என்ன ஆனாள் என்று. சித்தியும் இன்னும் நாலு பக்கம் வாசித்தேன் என்று ஏதாவது சொல்வாள். பெண்கள் அதை எடுத்து அலச ஆரம்பித்துவிடுவார்கள். களையெடுக்கிற கூட்டத்துக்குத் தலைவியாக இருந்த ஞானப்பூ அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவளைக் கண்டாலே தனக்கு ஆகாது என்றாள். ஒருநாள் எல்லாருக்கும் நடுவில், “கம்பெனியில ஒரு அபேட்சை எழுதிக் குடுத்து அவன் வேலைய இவ வாங்கிக்கிட வேண்டியதுதான? வீடு தங்கும்லா?” என்று கேட்டாள். அந்த தேசத்துச் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றேன் நான், வெடுக்கென்று. சட்டம் இல்லை என்றால் பத்துப் பெண்கள் போய் நின்றால் தானாக வரும் என்றாள் அவள். இன்னொருத்தி, அந்த மாமியாரும் பாவம், பெற்றவளாயிற்றே என்றாள். என் மாமியார் பாட்டுப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

என் வாழ்க்கையை என் எதிரிலேயே பிரித்துப்போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கூட்டத்துக்குப் போகாமலும் இருக்க முடியவில்லை. அவள் என்ன ஆனாள் என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

கிறிஸ்துமஸ் மாதத்துக்கு டம்ளரில் மிஞ்சியிருந்தது ஒரே சீட்டு. ‘வீடு வந்து சேர்ந்தவர்கள்’. அதைப் படித்தபோது, இந்தப் பொம்பளையை என்ன செய்தால் தகும் என்று இருந்தது. ஆபீஸில் வருஷக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் எப்போது வருகிறார் என்று குமாஸ்தா போன வாரம்தான் கூப்பிட்டுக் கேட்டிருந்தார். கட்டு பிரிக்க நாளாகும் என்று நான் பழைய பொய்யையே சொல்லிவிட்டு வந்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து மறைத்துச் சோறும் தீர்ந்துவிட்டது.

கடைசிச் சனிக்கிழமை கூட்டம். அவரவர் கதையைச் சொல்லி முடித்தார்கள். சாகாமல் வந்த மாலுமி, குடியை விட்டுவிட்டு வந்த தகப்பன், எல்லாரும் வீடு வந்து சேர்ந்தார்கள். அப்புறம் ஞானப்பூ அக்கா, கரிச்சுரங்கக்காரியின் புருஷன் வந்தானா இல்லையா என்று கேட்டாள். எல்லாரும் சித்தியைப் பார்த்தோம். சித்தி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே, தான் இன்னும் அந்தப் புத்தகத்தை முடிக்கவில்லை என்றாள். “அவ முடிச்சிருப்பா. அவகிட்டக் கேளுங்க” என்று என்னைக் காட்டினாள்.

நான் எழுந்தது கோபத்தில்தான். தைரியத்தில் இல்லை. என்ன சொல்லப்போகிறேன் என்று எழுந்து நிற்கும்வரை எனக்கே தெரியாது. மாமியார் என் சேலையைப் பிடித்து இழுப்பாள் என்று எதிர்பார்த்தேன். இழுக்கவில்லை.

“அவன் வரல” என்றேன். “கரிச்சுரங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது எங்க வீடு. அவுக போயி ஒரு வருஷம் ஆவப்போவுது. காலு ஒண்ணும் முறியல. இனிமே வரவும் மாட்டாவ. எனக்கு வேலை வேணும்.”

வாயில் கை வைப்பார்கள், உச்சுக்கொட்டுவார்கள் என்று நின்றேன். ஞானப்பூ அக்கா காலை மாற்றி மடித்து உட்கார்ந்தாள்.

“தெரியும். உக்காரு” என்றாள். “திங்கக்கிழமை ஆபீஸுக்கு யாரெல்லாம் வாரிய?”

லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரை எட்டாது. ஒரு வீட்டில் மூக்கைச் சிந்தினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். அங்கே போய் ஒரு வருஷமாக நானும் மாமியாரும் ரகசியம் காத்திருக்கிறோம். எல்லாருக்கும் முதலிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல், மாதக்கணக்கில் கரிச்சுரங்கக்காரிக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். அழுகை வந்ததா ஆத்திரம் வந்ததா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இரண்டும் வந்தது.

திங்கட்கிழமை பெண்கள் காட்டுக்கு இறங்காமல் ஆபீஸ் வாசலில் போய் நின்றார்கள். காய் பழுத்துக் கிடக்கிற நேரம். மேனேஜர் கொஞ்சம் சத்தம் போட்டார், கொஞ்சம் நேரம் யோசித்தார், அப்புறம் குமாஸ்தாவைக் கூப்பிட்டார். மலையாளத்தில் எழுதிய காகிதத்தில், காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். வேலை என் பெயருக்கு வந்தது, வீடு எங்களுக்குத் தங்கியது. அவர் வரவேயில்லை. அடுத்த வருஷப் பிறப்புக்கும் சித்தி டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்தாள், நானும் தலையில் அடித்துக்கொண்டு வாசித்தேன்.

ஆனால் அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தை அவள் முடித்த ஜெபத்தைச் சொல்லாமல் விட்டால் அவளைச் சொன்னதாகாது. எல்லாரும் முழங்காலில் நின்றோம். முதன்முதலாக என் பெயரைச் சொல்லி ஜெபித்தாள். சுருக்கமாகத்தான். இந்தப் பிள்ளைக்கு வேலையைக் கொடும், வீட்டைக் காத்தருளும், அவ்வளவுதான். அப்பாடா என்று நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

“ஆண்டவரே, அந்தப் பையன் எங்க இருக்கானோ, எந்தக் கடையில எச்சி டம்ளர் கழுவுதானோ. அவனுக்குக் குளிர் ஆகாது. போத்திக்கிட ஒரு துணி குடும். இன்னைக்குச் சாப்பிடாம இருந்தா யார் மூலமாவது ஒரு வாய் சோறு குடும்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னை நடுத்தெருவில் விட்டுப் போனவனுக்குப் போர்வை கேட்கிறாள், சோறு கேட்கிறாள், அதுவும் என்னைப் பக்கத்தில் முழங்காலில் நிறுத்திவைத்துக்கொண்டு. கண்ணைத் திறந்து அவளை முறைத்தேன். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவனுக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள். மாமியார் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்தில் அவள் மகனைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை பேசி அவள் காதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

ஜெபம் முடிந்தது. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. மாமியார் வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு, எனக்கும் சேர்த்து இன்னொரு தரம் சொன்னாள்.